ஐம்பத்தேழும் ஐம்பத்தேழும்: திண்டுக்கல் வினிகர் பரிசோதனை ஆய்வின் தீராத கணக்கு

2000 ஆம் ஆண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்றுக்காகத் திண்டுக்கல் மாவட்டத்தின் ஊராட்சிகளில் 114 தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கிப் போட்டு, சரிபாதியாகப் பிரித்தார்கள். 57 இடங்களில் 30 முதல் 59 வயது வரையான பெண்களை அழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் கர்ப்பப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய சமையலறை வினிகரை, தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார். புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களுக்குக் கால்போஸ்கோப்பி (உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) செய்து, திசுத் துணுக்கு எடுத்து, தேவையென்றால் அந்த இடத்தைக் கிரையோதெரபியால் உறையவைத்து அழிப்பார்கள். பரிசோதிக்க ஆய்வகமோ பெரிய மருத்துவமனையோ வேண்டாம். பெரும்பாலும் செவிலியர் கையிலேயே வேலை முடிந்துவிடும்.

மீதி 57 இடங்களில் இது எதுவும் கிடையாது. அங்கிருந்த பெண்களுக்கு அப்போது நடைமுறையிலிருந்த ‘வழக்கமான கவனிப்பு’ தொடர்ந்தது. யாருக்கு நோய் வருகிறது, யார் இறக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள்.

2007 இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. பரிசோதனைப் பக்கத்தில் இருந்த பெண்கள் 49,311 பேர். அவர்களில் வந்து பரிசோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம். 2006 முடிய அந்தப் பக்கத்தில் 167 பேருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. 83 பேர் இறந்தார்கள். மறுபக்கத்தில் இருந்தவர்கள் 30,958 பேர். நோய் வந்தவர்கள் 158, இறந்தவர்கள் 92. ஆள் எண்ணிக்கை, வயது, கண்காணித்த காலம் எல்லாவற்றையும் சரிக்கட்டிப் பார்த்தபோது, ஒரே ஒருமுறை வினிகர் தடவிப் பார்த்ததற்கு நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது.

மருத்துவ உலகம் இதைக் கொண்டாடியது. அதற்குக் காரணமும் இருந்தது. கையில் காசில்லாத நாட்டின் கிராமத்தில், ஒரு செவிலியரும் ஒரு பாட்டில் வினிகரும் இருந்தால் உயிரைக் காப்பாற்றலாம் என்று எண்ணிக் காட்டிய ஆய்வு இது. பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளோடு இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது முதல் அரைமணி நேரம் எல்லோர் முகத்திலும் பெருமைதான் இருக்கும். ‘நம்ம திண்டுக்கல்’ என்பார்கள். பிறகு யாராவது ஒருவர் அந்த 92 ஐப் பற்றிக் கேட்பார். அதன்பின் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

யாருடைய ஆய்வு

வெளிநாட்டுக்காரன் வந்து நம் பெண்களைச் சோதனை எலியாக்கினான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். இணையத்தில் அப்படி எழுதியவர்களும் உண்டு. ஆனால் விவரங்கள் அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை.

பணம் அமெரிக்காவிலிருந்து, பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்து வந்தது. 1999 இல் அந்த அறக்கட்டளையின் நிதியோடு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புக்கென ஐந்து அமைப்புகளின் கூட்டணி ஒன்று உருவானது. அதில் ஒன்று பிரான்சின் லியான் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, உலக சுகாதார நிறுவனத்தின் கிளை. ஆய்வை வழிநடத்திய ரெங்கசாமி சங்கரநாராயணன் அந்த முகமையில்தான் இருந்தார். ஆனால் அவர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிவிட்டு லியான் போனவர். களத்தில் இருந்தது ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இயங்கும் கிறிஸ்தவ மருத்துவமனை. புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் கை இருந்தது. பரிசோதித்த செவிலியர்கள் உள்ளூர்ப் பெண்கள்.

பின்னால் இதை எதிர்த்துப் புகார் எழுதியவர்தான் அமெரிக்கர். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பணம் அங்கிருந்து வந்தது, கண்டனமும் அங்கிருந்தே வந்தது, நடுவில் வேலை செய்தவர்களும் செத்தவர்களும் நம்மவர்கள்.

திண்டுக்கல் தனியாகவும் நிற்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் இதே மாதிரி இன்னும் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கியது. 1,51,538 பெண்கள், பணம் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடையது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், 1,31,746 பெண்களோடு நடந்தது இன்னொன்று. அங்கே பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது, அறிவியல் தலைமை லியானுடையது, களம் டாடாவும் பார்ஷி புற்றுநோய் மருத்துவமனையும். மூன்று ஆய்வுகளிலும் சேர்த்துப் பரிசோதனை பெறாத பக்கத்தில் இருந்த பெண்கள் 1,38,624 பேர்.

‘வழக்கமான கவனிப்பு’

முழு வழக்கும் இந்த இரண்டு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை 1940களிலிருந்து இருக்கிறது. ஃபின்லாந்து போன்ற நாடுகள் 1960களிலிருந்து அதை ஊரெங்கும் செய்து இந்தப் புற்றுநோயைச் சரித்துவிட்டன. இந்த இந்திய ஆய்வுகளுக்கு முன் குலுக்கல் முறையில் யாரும் அதைச் சோதித்ததில்லை. சோதிக்கத் தேவை இருப்பதாக யாரும் நினைக்கவும் இல்லை; நாட்டுக்கு நாடு சாவு எண்ணிக்கை இறங்கியதே சாட்சி. ஆகவே 2000 இல் பரிசோதித்தால் பயனுண்டா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இல்லை. வினிகர் முறையின் கூர்மையும் ஓரளவு தெரிந்திருந்தது. ஜிம்பாப்வேயில் நடந்த ஆய்வு 1999 இல் வெளியாகிவிட்டது. தெரியாமல் இருந்தது ஒன்றுதான். இந்த மலிவு வழி, இந்த மாதிரி கிராமத்தில், எத்தனை சாவைத் தடுக்கும் என்பது.

அதைத் துல்லியமாகச் சொல்ல, ஒன்றும் செய்யாத ஒரு கூட்டம் ஒப்பீட்டுக்கு வேண்டும். ஒன்றும் செய்யாத கூட்டம் திண்டுக்கல்லில் தயாராக இருந்தது. அதைத் தயார்செய்து வைத்தவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறையான கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டம் என்று ஒன்று அன்று இல்லை. மறுபக்கத்து 57 இடங்களில் ‘வழக்கமான கவனிப்பு’ என்றால், உதிரம் போகிறது, வலி தாங்கவில்லை என்று நோய் முற்றிய பிறகு ஒரு பெண் தானாக மருத்துவமனைக்கு வந்தால் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ‘கவனிப்பு’ என்ற சொல் அங்கே செய்த வேலை மிகப் பெரியது. இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு ஓர் ஒப்பீட்டுக் குழுவின் மரியாதையையும் கொடுத்தது.

இதே சண்டை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் உலகளவில் நடந்து முடிந்திருந்தது. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஏ.இசட்.டி. மருந்து 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைக்கிறது என்று 1994 இல் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வு காட்டியது. அதன் பிறகும் ஆப்பிரிக்க நாடுகளிலும் தாய்லாந்திலும் குறைந்த அளவு மருந்தைச் சோதிக்க, ஒரு பாதித் தாய்மாருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 1997 இல் அமெரிக்க மருத்துவர்கள் பீட்டர் லூரியும் சிட்னி வுல்ஃபும் இதைக் கண்டித்து எழுதினார்கள். அவர்கள் எழுதிய இதழின் ஆசிரியர் குழுவிலிருந்த மார்சியா ஏஞ்சல் அலபாமாவின் டஸ்கிகீயை நினைவுபடுத்தினார்: கறுப்பின ஆண்களின் சிபிலிசுக்குச் சிகிச்சை தராமல் 40 ஆண்டுகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த ஆய்வு அது. எதிர்த்தரப்பின் பதில்: அந்த நாடுகளில் வழக்கமான கவனிப்பு என்பதே ஒன்றுமில்லைதான், நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை.

மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்தை 2000 அக்டோபரில் எடின்பரோவில் திருத்தியபோது, புதிய முறையை இருப்பதில் சிறந்ததோடுதான் ஒப்பிட வேண்டும் என்று எழுதினார்கள். இரண்டே ஆண்டில், தவிர்க்க முடியாத ஆய்வுமுறைக் காரணம் இருந்தால் வெற்று மாத்திரையும் ஆகலாம் என்று ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்தார்கள். திண்டுக்கல்லில் பெண்களை வரிசையில் உட்காரவைத்துக் கொண்டிருந்தது இந்த இரண்டு தேதிகளையும் உள்ளடக்கிய காலத்தில்.

புகார்

சான் பிரான்சிஸ்கோவில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த எரிக் சூபா வியட்நாமில் பாப் ஸ்மியர் திட்டம் கட்டி எழுப்ப உழைத்தவர். ஏழை நாட்டில் அது நடக்காது என்ற வாதத்தை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. 2011 இல், ஆய்வுக்கு உட்படும் மனிதர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அலுவலகத்துக்கு இந்த இந்திய ஆய்வுகள் பற்றிப் புகார் எழுதினார். அந்த அலுவலகம் மும்பை ஆய்வைப் பார்த்துவிட்டு, பெண்கள் தெரிந்து சம்மதிப்பதற்குப் போதிய தகவல் அவர்களுக்குத் தரப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. மாற்றாகப் பாப் ஸ்மியர் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதுதான் சூபா தரப்பின் முக்கியமான குற்றச்சாட்டு.

திண்டுக்கல்லும் உஸ்மானாபாத்தும்? அங்கே போனது அமெரிக்க அரசின் பணம் அல்ல, தனியார் அறக்கட்டளையின் பணம். அரசுப் பணம் போன தடம் வரைதான் அந்த அலுவலகத்தின் கை நீளும். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே மாதிரி ஆய்வு; ஆனால் ஒன்றைக் கேட்க ஆளுண்டு, மற்ற இரண்டைக் கேட்கக் கடலுக்கு அந்தப் பக்கம் ஆளில்லை. கூட்டாண்மை என்று நாம் கொண்டாடும் ஏற்பாடுகளில் இது அடிக்கடி கண்ணில் படாமல் போகும் ஓட்டை. யார் பணம் என்பதைப் பொறுத்து, யாரிடம் முறையிடலாம் என்பதே மாறிவிடுகிறது. அம்பிளிக்கைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு அந்தப் பணம் எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரிந்திருக்க என்ன வாய்ப்பு?

254 என்ற எண்

மூன்று ஆய்வுகளின் பரிசோதனை பெறாத பக்கத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள்: மும்பையில் 98, திண்டுக்கல்லில் 92, உஸ்மானாபாத்தில் 64. மொத்தம் 254. சூபாவும் அவரை ஒட்டி எழுதியவர்களும் இந்த எண்ணையே முன்னால் வைத்தார்கள். செய்தித்தாள்களில் அது ‘ஆய்வுக்குப் பலியான 254 பெண்கள்’ என்ற தொனியில் உருண்டது.

எனக்கு இந்த எண்ணோடு ஒரு வழக்கு இருக்கிறது. பரிசோதனை பெற்ற பக்கத்திலும் பெண்கள் இறந்தார்கள்: மும்பையில் 67, திண்டுக்கல்லில் 83, உஸ்மானாபாத்தின் மூன்று குழுக்களில் 34, 54, 56. கூட்டினால் 294. அந்தப் பக்கத்தில் ஆட்கள் அதிகம், 2,24,929 பேர், என்பதால் விகிதம் குறைவு. ஆனாலும் 294 உயிர்கள். ஆகவே பரிசோதனை கொடுத்திருந்தால் 254 பேரும் பிழைத்திருப்பார்கள் என்பது கணக்கில் நிற்காது.

நிற்கும் கணக்கு எது? திண்டுக்கல்லில் 35 சதவீதம் என்றால் 92 இல் ஏறக்குறைய 32 பேர். மும்பையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. 98 க்கும் 67 க்கும் இடையில் ஏறக்குறைய 30. உஸ்மானாபாத்தில் எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்து 11 இலிருந்து 33 வரை. மொத்தத்தில் 73 இலிருந்து 95 வரை வரலாம். இது நான் காகிதத்தில் போட்ட கணக்குதான். புள்ளியியலாளர் பிழை வரம்பு போட்டு இன்னும் அகலமாக்குவார்.

எண்ணைக் குறைத்துக் காட்டிக் குற்றத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. 254 என்று சொன்ன உடனே மறுதரப்பு புள்ளியியலைக் கையில் எடுத்து அரைமணி நேரத்தில் தப்பித்துவிடுகிறது. நான் பார்த்த விவாதங்களில் திரும்பத் திரும்ப நடந்தது இது. 32 இலிருந்து தப்பிக்க முடியாது, ஏனென்றால் அது அவர்களே வெளியிட்ட 35 சதவீதத்திலிருந்து வருவது. ஆய்வின் வெற்றியை எந்த எண் சொல்கிறதோ அதே எண்தான் மறுபக்கம் இழந்ததையும் சொல்கிறது.

உஸ்மானாபாத் சொல்லும் மறுப்பு

ஆய்வாளர் தரப்பு வாதங்களில் பலவீனமானவையும் உண்டு. ‘எப்படியும் அவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது’ என்பது அப்படியொன்று. ஏழ்மையை ஆய்வு வசதியாக்கும் பேச்சு. ஆனால் உஸ்மானாபாத்தை வைத்து ஒரு வாதம் கட்டலாம். அதை எளிதில் தள்ள முடியாது.

அங்கே நான்கு குழுக்கள். ஒன்றுக்கு இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்ற சோதனை, ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு வினிகர், நான்காவதுக்கு ஒன்றுமில்லை. நான்காவது குழு எதற்கு, மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதாதா என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. 2009 இல் முடிவு வந்தது. எச்.பி.வி. சோதனைக் குழுவில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒன்றுமில்லாத குழுவில் 64, இங்கே 34. ஆனால் பாப் ஸ்மியர் குழுவிலும் வினிகர் குழுவிலும் புள்ளியியல்படி நம்பக்கூடிய குறைவு இல்லை. பாப் ஸ்மியர் குழுவிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபின்லாந்தில் மலையைப் புரட்டிய அதே பரிசோதனை, உஸ்மானாபாத் இருக்கும் மராத்வாடாவில் ஒரே ஒரு சுற்று செய்தபோது எதையும் நிச்சயமாகக் காட்டவில்லை.

நான்காவது குழு இல்லாமல் இருந்திருந்தால் எச்.பி.வி. சோதனை மற்ற இரண்டையும் விட நல்லது என்பது மட்டும் தெரிந்திருக்கும். மற்ற இரண்டும் ஒரு சுற்றில் பெரிதாக எதையும் சாதிக்காமல் போகக்கூடும் என்பது தெரிந்திருக்காது. அப்போது ஏதோ ஓர் அரசு பாப் ஸ்மியருக்குக் கோடிகளைக் கொட்டி, பெண்களை வரிசையில் நிற்கவைத்து, ஒரு சாவைக்கூடத் தடுக்காமல் பத்து ஆண்டு ஓட்டியிருக்கும்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மதித்துக்கொண்டே ஒரு கேள்வி: அப்படியானால் திண்டுக்கல்லில் 2000 இல் குலுக்கல் போட்டது தவறில்லை என்று வைத்துக்கொள்வோம். எதுவரை தவறில்லை?

காம்பியா

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 1986 இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வளர்ந்த பிறகு வரும் கல்லீரல் புற்றைத் தடுக்குமா என்று ஓர் ஆய்வு தொடங்கியது. அதை நடத்தியதும் இதே லியான் முகமைதான், காம்பிய அரசோடும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து. தடுப்பூசி அப்போது விலை அதிகம். ஒரே நாளில் நாடு முழுக்கப் போட முடியாது. எப்படியும் படிப்படியாகத்தான் போகப்போகிறோம், அந்தப் படிகளையே ஆய்வாக்கிவிடலாம் என்று யோசித்தார்கள். நாட்டைத் தடுப்பூசிக் குழுக்களின் 17 பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதி முதலில், எது அடுத்து என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்து, பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1990 தொடக்கத்தில் நாடு முழுவதும் தடுப்பூசி வந்துவிட்டது. அதற்கு முன் பிறந்து தடுப்பூசி கிடைக்காத குழந்தைகள்தாம் ஒப்பீட்டுக் குழு.

குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். அந்த நான்கு ஆண்டில் பிந்திய பகுதியில் பிறந்த குழந்தைக்கு ஊசி கிடைக்கவில்லை. ஆனால் குலுக்கல் அங்கே ‘உனக்கு உண்டு, உனக்குக் கிடையாது’ என்று சொல்லவில்லை. ‘உனக்கு இப்போது, உனக்குப் பிறகு’ என்றது. ‘பிறகு’ என்பதற்கு ஆய்வு தொடங்கும் முன்பே தேதி இருந்தது. அரசு கையெழுத்துப் போட்டிருந்தது.

திண்டுக்கல்லில் அது சாத்தியமா? புற்றுநோய் இறப்பைக் காண ஆறேழு ஆண்டு வேண்டும். மறுபக்கத்து 57 இடங்களுக்கும் இரண்டாம் ஆண்டே பரிசோதனை போயிருந்தால் வித்தியாசம் தெரியாமல் கரைந்திருக்கும். ஆகவே காம்பியாவை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் இறப்பைக் கண்டுபிடித்து, கணக்கை மூடி, கட்டுரையை அனுப்பிய பிறகு? அந்தத் தேதியிலிருந்து புள்ளியியலுக்கு அந்த 30,958 பெண்களால் ஆவது ஒன்றுமில்லை. அடுத்த வாரமே செவிலியர்கள் வினிகரோடு அங்கே போயிருக்கலாம். செவிலியர்கள் பயிற்சி பெற்றவர்கள், கருவிகள் கையில், முகவரிப் பட்டியல் தயார். ஆய்வுத் திட்டத்தின் வரவு செலவில் முதல் நாளே ஒரு தலைப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டிய வேலை அது. நிதி தருபவர் அதற்குப் பணம் ஒதுக்கினாலொழிய மற்ற பணத்தை வாங்கவே கூடாது என்று அடம்பிடித்திருக்க வேண்டிய இடம். ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள் இதைக் கேட்பது அரிது. ஒப்புதல் படிவத்தில் எழுத்துப்பிழை இருந்தால் மூன்று முறை திருப்பி அனுப்புவார்கள்.

படிவத்தின் தமிழ்

அப்படியொரு நெறிமுறைக் குழுவில் மருத்துவரல்லாத பொது உறுப்பினராகச் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். வந்து குவியும் தமிழ்ப் படிவங்களில் ‘நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்று இருக்கும். சீரற்ற முறை என்றால் ஒழுங்கில்லாமல், ஏனோதானோவென்று என்றுதான் கேட்பவர் காதில் விழும். ‘குலுக்கல்’ என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும் என்றால், அது லாட்டரி போலத் தொனிக்கிறதாம். அது லாட்டரிதானே ஐயா?

ஒப்பீட்டுக் குழுவுக்குப் படிவங்கள் வைக்கும் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்ற பெயர் இன்னொன்று. கிராமத்தில் ‘கட்டுப்பாடு’ என்றால் ஊர்க் கட்டுப்பாடு, ஒரு குடும்பத்தோடு அன்னம் தண்ணீர் புழங்கக் கூடாதென்று ஊர் போடும் தடை. அந்தச் சொல்லைப் பார்த்து ஒரு பெண் ‘எங்களை ஒதுக்கி வெச்சிருக்கீங்களா’ என்று கேட்டால், மொழிபெயர்ப்பாளரைவிட அவள் சரியாகப் படித்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

திண்டுக்கல் போன்ற ஊர்த்தொகுப்பு ஆய்வில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குலுக்கலில் விழுவது பெண் அல்ல, ஊர். ஊர் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம்தான் அவள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவள் வர மறுக்கலாம். மூன்றில் ஒருத்திக்கு மேல் அப்படித்தான் வராமல் இருந்தார்கள். மறுபக்கத்தில் இருந்தவள் எதை மறுப்பாள்? தனக்குத் தரப்படாத ஒன்றை வேண்டாமென்று சொல்ல வழியில்லை. ‘எனக்கும் செய்யுங்கள்’ என்று கேட்கும் உரிமை எந்தப் படிவத்திலும் ஒரு கட்டமாக இருப்பதில்லை.

ஒப்புதலையே பெரிதாகப் பிடித்துக்கொண்டதற்கு நம் அண்மைய வரலாறும் ஒரு காரணம். 2009 இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு, மாநில அரசுகளோடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து, பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டது. அதற்கும் கேட்ஸ் பணம்தான். 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். விசாரித்தபோது, ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763 இல் கையெழுத்துப் போட்டிருந்தவர் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர். 1,948 இல் கைநாட்டு. 2013 இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. கம்மத்துத் தவறு படிவத்திலேயே அகப்பட்டது. அதனால் அதன்பிறகு எல்லோரும் எல்லா ஆய்விலும் படிவத்தையே தேடினார்கள். திண்டுக்கல்லில் எழும் கேள்வி படிவத்துக்குள் இல்லை. அத்தனை கையெழுத்தும் ஒழுங்காக இருந்திருந்தாலும் அது அப்படியே இருந்திருக்கும்.

அதன் பிறகு

பரிசோதனைப் பக்கத்தைப் பற்றி அந்தக் கட்டுரையில் இன்னோர் எண் உண்டு. யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே 1,874 பெண்களுக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். மீதி ஐநூற்றுச் சொச்சம் பெண்கள் கண்டுபிடித்த பிறகும் சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. களை பறிப்பு, பேருந்து, பிள்ளை, புருஷனின் அனுமதி என்று காரணங்களை நாம் எல்லோரும் ஊகிக்கலாம். பணமும் செவிலியரும் லியானின் மேற்பார்வையும் இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், அரசுத் திட்டமாக மாறும்போது எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

மாறியது. உலக வங்கிக் கடனோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் வினிகர் பரிசோதனையை அரசு மருத்துவ நிலையங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் தஞ்சாவூரும் தேனியும். தேனி திண்டுக்கல்லுக்கு அண்டை வீடு. நிர்வாகக் காரணங்கள் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்க்கும்போது கண் அந்த எல்லைக் கோட்டிலேயே நின்றுவிடுகிறது. பின்னர் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. 2016 இல் மத்திய அரசு நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலில் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வினிகர் பரிசோதனை என்று எழுதியது. உஸ்மானாபாத்தில் பாதி இறப்பைத் தடுத்த எச்.பி.வி. சோதனையை 2021 இல் உலக சுகாதார நிறுவனம் முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. அதற்கான சான்றில் நம் பெண்களின் பெயரில்லாத எண்களும் இருக்கின்றன.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், வாழ்நாளில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் இந்தியா முழுவதும் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். 2020 இல் இந்தியாவில் இந்தப் புற்றுநோயால் 77,348 பெண்கள் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது லியான் முகமைதான்.

2000 இல் மறுபக்கத்து 57 இடங்களில் 30 வயதில் இருந்த பெண்ணுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டி நடக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி இன்னும் சில ஆண்டுகளுக்கு அவளுக்குப் பரிசோதனை உண்டு. அவளோடு அன்று 59 வயதில் கணக்கெடுக்கப்பட்டவருக்கு அந்த வழிகாட்டுதல் வந்த 2016 இல் வயது 75.